மூன்று பேர் மருந்து

ஊசியை உருவிய பிறகுதான் அதைப் பார்த்தேன்.

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்த அவளுடைய முந்தானை கடற்காற்றில் நழுவியது. நான் குத்திய இடத்துக்கு இரண்டு விரல் மேலே இரண்டு அயோடின் கறைகள். ஒன்று காய்ந்து பழுப்பேறியிருந்தது. மற்றது இன்னும் ஈரம். இரண்டின் நடுவிலும் ஊசி குத்திய புள்ளி.

இதெல்லாம் எப்போது போட்டது என்று கேட்டேன். 

“இப்பத்தான் நைனா. மொதல்ல உங்கிட்ட ஒண்ணு. அப்பால அந்த மேஜைல ஒண்ணு. இத்தோட மூணு,” என்றாள் தேசம்மா. ஒரு வேலையைச் சமர்த்தாக முடித்துவிட்ட முகத்தோடு எழுந்து நின்றாள்.

காலரா தடுப்பூசி அது. ஆளுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றுக்கே கட்டுமரம் தள்ளுகிற ஆண்கள் இரண்டு நாள் காய்ச்சலில் சுருண்டு படுத்தார்கள். ஒரே காலையில் ஒரே கையில் மூன்று போட்டால் என்ன ஆகும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலாவதும் மூன்றாவதும் நான் போட்டவை. முகத்தைப் பார்க்காமல், நீட்டின கையை மட்டும் பார்த்துக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கையிலிருந்த ஊசியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

பயந்தாங்கொள்ளி

பிணவறையில் நான் மயங்கி விழுந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இவ்வளவு பயந்த ஆசாமி எப்படி ஐயா டாக்டரானீர் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் அப்பாவுக்குப் பயந்து டாக்டரானேன் என்பதுதான் உண்மையான பதில்.

அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். துவரம்பருப்பு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பருப்போடு சேர்த்து என் படிப்பையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். “பையன் டாக்டருக்குப் படிக்கான்” என்பதை அவர் சொல்லக் கேட்டிராத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. இதற்கு மேல் நான் எப்படிப் பின்வாங்குவது?

படிப்பின் கடைசி வருஷத்தில் சில வாரங்கள் ஏதாவது ஒரு சிறிய வைத்தியசாலையில் போய் வேலை பழக வேண்டும். எனக்குக் கிடைத்தது ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, கடலை ஒட்டின ஒரு குப்பத்துக்கு அருகில் இருந்த மருந்தகம். ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை. பின்னால் சரக்கு வண்டி போகிற தண்டவாளம். வண்டி போகும்போது மருந்து பாட்டில்கள் எல்லாம் அலமாரியில் கிணுகிணுக்கும்.

அங்கே இரண்டே பேர். ஒருவர் டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். பயிற்சி முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அது இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

மற்றவர் கம்பவுண்டர் பெஞ்சமின். ராயபுரத்துக்காரர். குப்பத்தில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னைத் ‘தம்பி’ என்பார். மனசுக்குள் என்ன பேர் வைத்திருந்தாரோ தெரியாது.

கைராசி

தேசம்மா முதன்முதலில் மருந்தகத்துக்கு வந்தது இதற்கெல்லாம் மூன்று வாரம் முன்னால். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, எட்டு மாதக் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். குழந்தைக்குச் சளி. பெஞ்சமின் கலக்கிக் கொடுத்த மருந்தை அது வாயில் வைத்ததும் துப்பியது. மறுபடி கொடுத்தாள், மறுபடி துப்பியது.

அவள் என்னைப் பார்த்து, “நான் குடிச்சா போதாதா டாக்டரு?” என்று கேட்டாள்.

அது ஒன்றும் விநோதமான கேள்வி அல்ல. பால்குடிக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாய்தான் மருந்து சாப்பிடுவாள், தாய்தான் பத்தியம் இருப்பாள். என் தங்கைக்குக் கக்குவான் வந்தபோது என் அம்மா பத்து நாள் உப்பும் புளியும் தொடாமல் சாப்பிட்டதைப் பார்த்தவன் நான். கஷாயத்தை அம்மா கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். தொட்டிலில் கிடக்கிற தங்கைக்குக் குணமாகும் என்று நாங்கள் காத்திருப்போம்.

அந்தச் சளி மருந்து பால் வழியாக எவ்வளவு போகும், போகுமா போகாதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சமினைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டிருந்தாள். அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

“போதும் தாயி. நீ குடிச்சா பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துரும்,” என்றேன்.

பெஞ்சமின் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாட்டிலை மூடி அவளிடமே கொடுத்தார்.

மூன்று நாளில் குழந்தைக்குச் சளி போய்விட்டது. சும்மா விட்டிருந்தாலும் போயிருக்கும். ஆனால் குப்பத்தில் எனக்குக் கைராசிக்காரன் என்று பேர் ஏறிவிட்டது. பெண்கள் வந்து ‘சின்ன டாக்டர்’ இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். நான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உட்காருவேன். இப்போது நினைத்தால் அந்தப் பயலை ஒரு அறை அறையலாம் போல இருக்கிறது.

பேர் சொல்லாத நோய்

பிறகு அது வந்தது. குப்பத்தில் யாரும் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். “அங்க வந்துட்ச்சாம்” என்பார்கள், அவ்வளவுதான். முதலில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர். மறுநாள் அதே வீட்டில் மருமகள். காலையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆளை சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கிணறுகளில் மருந்து போட்டோம். தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டது. அதைக் குடிக்க மாட்டோம் என்று வேறு கிணறு தேடிப் போனார்கள். எங்கும் பிளீச்சிங் பவுடர் வாடை. மீன் வாடையே பரவாயில்லை என்று இருந்தது. நான் கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது. வீட்டில் அம்மா போட்ட சோற்றைக்கூட நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். வயிறு லேசாகப் புரட்டினால் போதும், கதை முடிந்தது என்று கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன்.

வலைகள் வைக்கிற கொட்டகையைக் காலி பண்ணி அங்கே ஊசி போட ஏற்பாடு செய்தார் டாக்டரம்மா. ஒரு மேசையில் பெஞ்சமின், ஒரு மேசையில் நான். வீட்டு வாரியாக ஆளுக்கொரு சீட்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் ஊசி வேண்டாம் என்பது அவர் உத்தரவு. ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் ஊசிகள் கிடக்கும். இருபது முப்பது பேருக்குக் குத்தியதும் முனை மழுங்கிவிடும். கல்லில் தீட்டித் திரும்பவும் கொதிக்க வைப்போம். அவ்வளவு கூட்டம். அதில்தான் தேசம்மா மூன்று தடவை வந்தாள்.

“ரத்தம் மறந்துடுமா?”

இடுப்பிலிருந்து மூன்று சீட்டை எடுத்துக் காட்டினாள். ஒன்று அவளுடையது. இரண்டாவது ஏழு வயது மகன் ஏழுமலைக்கு. மூன்றாவது நாலு வயதுப் பெண் பவுனுக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தை ஊசி போட்டுக்கொண்டு முந்தின நாள் முழுக்கக் காய்ச்சலில் அழுததைப் பார்த்திருக்கிறாள். தன் பிள்ளைகள் அதைத் தாங்க மாட்டார்கள், தான் தாங்குவோம் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

“அதுக ரெண்டும் பால் மறந்த பிள்ளைங்களாச்சே,” என்றேன். 

“பால் மறந்தா இன்னா? ரத்தம் மறந்துடுமா?” என்றாள். “நீதானே நைனா சொன்ன, நான் துன்னா புள்ளைக்குப் பூடும்னு. சின்னவன் பால் குடிக்கிறான், அவனுக்கு இந்நேரம் போயிருக்கும்.”

டாக்டரம்மா இருபதடி தூரத்தில் கிணற்றோரம் நின்றிருந்தார். எழுந்து போய் ‘அம்மா, ஒரு தப்பு நடந்துவிட்டது’ என்று சொல்வதற்கு இருபதடி நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை. கையெழுத்து போய்விடும், பரீட்சை போய்விடும், அப்பா கடையில் தலை காட்ட முடியாது. இதுதான் மனதில் ஓடியது. அவள் செத்துவிடுவாளோ என்கிற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான்.

அவளிடம் மெதுவாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள், பிள்ளைகள் இரண்டையும் நாளைக்குக் கூட்டி வா, மூன்று ஊசி போட்டதை யாரிடமும் சொல்லாதே. ஏன் என்று அவள் கேட்கவில்லை. சின்ன டாக்டர் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் போய்ச் சேரவில்லை என்பதை நான் சொல்லவே இல்லை.

எல்லப்பன்

மத்தியானம் மூன்று மணிக்கு அவள் புருஷன் எல்லப்பன் வந்தான். தனியாக வரவில்லை. பின்னால் பதினைந்து இருபது ஆண்கள். யார் கையிலும் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் வெறும் கையே போதும்.

“இன்னா ஊசி சார் போட்ட?” என்று கேட்டான். “பொம்பள ஒடம்பு தணலாட்டம் கீது. பல்லு கட்டிகினு கெடக்குறா.”

அவனோடு போனேன். கால் மணலில் புதைந்து புதைந்து நின்றது. குடிசைக்குள் தேசம்மா கிடந்தாள். கை தோளிலிருந்து முழங்கைவரை வீங்கிச் சிவந்திருந்தது. காய்ச்சல்மானி நூற்றுநாலுக்கு மேலே போயிற்று. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். கணத்துக்கு ஒரு தரம் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். 

வாசலில் குப்பத்து நாட்டார் நின்றிருந்தார். ஊர் வழக்குகளைத் தீர்த்து வைக்கிற பெரியவர். ஒரே ஊசிக்கு இப்படி ஆகுமா என்று என்னைக் கேட்டார்.

“சில பேர் உடம்புக்கு ஆகும்,” என்றேன்.

அந்தப் பதிலை எல்லாரும் கேட்டார்கள். பாயில் கிடந்த தேசம்மாவும் கேட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. அவள் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையாருக்குக் கும்பிடு போட்டேன்.

காலி மேசை

மறுநாள் காலை கொட்டகைக்கு ஒருவரும் வரவில்லை. ஊசி போட்டால் தேசம்மா மாதிரி ஆகிவிடும் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. சில பேர் உடம்புக்கு ஆகும் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே. யார் உடம்பு அந்தச் சில பேர் உடம்பு என்று எவனுக்குத் தெரியும்? பெஞ்சமின் அடுப்பை ஏற்றி வைத்து, ஊசிகள் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேலும் இரண்டு வீட்டில் நோய் வந்திருந்தது.

ஒன்பது மணி வாக்கில் ஒரு பெண் தள்ளாடிக்கொண்டு வருவது தெரிந்தது. தேசம்மா. வீங்கின கையால் தூக்க முடியாமல், வலது தோளில் பவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

குழந்தையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அழுவதற்கு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. தேசம்மாவின் சேலையெல்லாம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரியான பேதியில் நனைந்திருந்தது.

மருந்தகத்தின் பின்னறையில் பவுனைக் கிடத்தினோம். டாக்டரம்மா கணுக்கால் பக்கம் கீறி, ரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து உப்புத் தண்ணீரை ஏற்ற ஆரம்பித்தார். பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அப்போதுதான் தேசம்மா தன் இடது கையை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

“இந்தக் கைல மூணு பேர் மருந்து கீதும்மா. இதுலேர்ந்து அவ பங்க எடுத்து அவளுக்குக் குடும்மா,” என்றாள்.

டாக்டரம்மா அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. மூன்று ஊசியா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பதிலாகத் தானே போட்டுக்கொண்டாள் என்றேன். அந்த எண்ணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. தேசம்மாவும் சொல்லவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்க நினைத்திருந்தால் அதுதான் சமயம்.

நேற்றே பவுனுக்கு ஊசி போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது. அது உடம்பில் பிடிக்க ஒரு வாரம் ஆகும். இதை டாக்டரம்மாவே பின்னால் சொன்னார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை.

டாக்டரம்மா அன்றைக்கே நாட்டாரைக் கூப்பிட்டு, தேசம்மா போட்டுக்கொண்டது ஒன்று அல்ல, மூன்று என்று விளக்கினார். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவன் எல்லப்பன். ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். “முகத்தைப் பார்த்துப் போடு,” என்றார் டாக்டரம்மா என்னிடம். அன்றிலிருந்து பார்த்துத்தான் போட்டேன்.

பயப்படாத ஒரே ஆள்

இரண்டு நாள் பவுன் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் கிடந்தாள். காலராவில் சிறுநீர் நின்றுபோகும். அது திரும்ப இறங்கினால் பிழைப்பு உண்டு. ஆகவே எல்லாரும் அதற்காகவே காத்திருந்தோம்.

அந்த இரண்டு நாளும் தேசம்மா மகள் பக்கத்திலேயே இருந்தாள். வாந்தியைத் துடைப்பாள், துணியை அலசுவாள். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வா என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொன்னார். சரி என்பாள். கொஞ்ச நேரத்தில் எல்லப்பனின் தங்கை குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பாள். சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு, கழுவாத அதே கையோடு பால் கொடுப்பாள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று சிரிப்பாள். அந்தக் குப்பத்தில் அப்போது பயப்படாத ஆள் அவள் ஒருத்திதான். அது ஏன் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் காலை பவுன் பாயை நனைத்தாள். டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பெஞ்சமின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

 அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று தோன்றிற்று. பின்வாசலில் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தேசம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சளி மருந்து விஷயத்தில் நான் சொன்னது தப்பு, தெரியாமல் சொன்னேன். நீ சாப்பிட்டால் பிள்ளைக்குப் போகாது, நீ போட்டுக்கொண்ட ஊசியும் போகாது. இதெல்லாம் என் குற்றம், உன்னுடையது அல்ல. இப்படிச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் திட்டவில்லை. 

“அப்போ இவனுக்கு ஒண்ணுமே போவலியா?” என்றாள்.

இல்லை என்று தலையை அசைத்தேன்.

அவள் முகம் மாறியதை நான் இந்த வயதிலும் மறக்கவில்லை. குழந்தையை மார்பிலிருந்து பிடுங்கினாள். அது வீறிட்டது. இரண்டு கையையும் விறைப்பாக நீட்டி, தன் மேல் படாதபடி அதை என்னிடம் காட்டினாள்.

“நீ புடி. என் கை ஆவாது,” என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். 

டாக்டரம்மாவிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எப்போதும்போல் பால் கொடுக்கலாம் என்று அவர் தேசம்மாவுக்குச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். ஐந்து நாள் பார்ப்போம், அதற்குள் வராவிட்டால் பயமில்லை என்று சொன்னது நான்.

ஐந்து நாளும் மருந்தகம் திறக்குமுன் அவள் வாசலில் நிற்பாள்.  குழந்தையின் துணியை விரித்துக் காட்டுவாள். நான் பார்ப்பேன். சரியாக இருக்கிறது என்று தலையசைப்பேன். போய்விடுவாள். அந்த ஐந்து நாள் நான் சோறு தின்றதாக ஞாபகமே இல்லை.

ஆறாம் நாள் அவள் வரவில்லை. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக்கூட எடுக்காமல் ஓடினேன். தண்டவாளத்தைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, மணலில் விழுந்து எழுந்து அவள் குடிசைக்குப் போனேன்.

தேசம்மா வாசலில் உட்கார்ந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் புறப்படுகிற அவசரம். பவுன் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தூளியில் சின்னவன் கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

மூச்சு வாங்க, இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அஞ்சு நாளுதான் முடிஞ்சு போச்சே டாக்டரு. இனிமே இன்னா பயம்?” என்றாள்.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன். அந்த ஐந்து நாள் கணக்கு நான் புத்தகத்தில் படித்ததுதான். அவள் நம்பிவிட்டாள், நான்தான் நம்பவில்லை.